குற்றமா, கூச்சமா?

அண்மைக் காலமாக நம் படித்த குடும்பங்களில் ஒரு புதிய சொல் புழங்கி வருகிறது. 'கில்ட்டி பிளஷர்' என்பது அச்சொல். குற்றவுணர்வு கலந்த இன்பம் என்று அதற்குப் பொருள் கூறலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாள்தோறும் இரவு எட்டு மணித் தொடரைத் தவறாமல் பார்க்கிறார். கேட்டால், "வீட்டில் பார்க்கிறார்கள், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்கிறார். கல்லூரிப் பேராசிரியை ரமணிசந்திரன் நாவலுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுப் படிக்கிறார். கருநாடக இசை பயிலும் இளைஞர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் குத்துப்பாட்டுக் கேட்கிறார். சர்க்கரை நோயாளி ஒருவர் தெருமுனைக் கடையில் நின்று இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த தெருப் பெண்ணைப் பற்றிய அவதூறு வாட்ஸ்அப்பில் வந்தால் அதை நாலு பேருக்குச் சுடச்சுட அனுப்பிவிட்டு ஒருவர் உறங்கப் போகிறார். இத்தனையையும் ஒரே கூடையில் போட்டு, "என்ன செய்வது, இதெல்லாம் நம்முடைய கில்ட்டி பிளஷர்" என்று சொல்லிப் புன்னகை செய்கிறோம்.

இந்தப் புன்னகையின்மேல்தான் நாம் வழக்குத் தொடுக்கிறோம். குற்றம் என்று ஒருவர் மெய்யாகவே உணர்ந்தால் அவருக்குச் சிரிப்பு வராது. குற்றம் இல்லை என்று தெளிந்திருந்தால் 'கில்ட்டி' என்ற அடைமொழி அவருக்குத் தேவைப்படாது. கண்ணீரும் இல்லாத, விடுதலையும் இல்லாத இந்த நடுநிலை நம் மனச்சான்றுக்கு இருவகையில் கேடு செய்கிறது. குற்றமற்ற எளிய மகிழ்ச்சிகளின்மேல் இல்லாத கறையைப் பூசுகிறது. மெய்யான குற்றங்களுக்கோ செல்லப் பெயர் சூட்டி வீட்டுக்குள் நடமாட விடுகிறது. பஜ்ஜியும் அவதூறும் ஒரே கூடையில் கிடக்கும்போது பஜ்ஜி கெட்டுப்போகிறது, அவதூறு தப்பித்துக்கொள்கிறது.

யாருக்கு அஞ்சுகிறோம்?

வீடு சந்திக்கச் செல்லும் அருள்பணியாளர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. வாசலில் வெள்ளை அங்கி தெரிந்ததும் உள்ளே தொலைக்காட்சி சட்டென ஊமையாகிவிடும். "வாங்க சாமி! பிள்ளைங்கதான் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று வீட்டு அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி எழுந்து வருவார். சமையலறைவரை தேடினாலும் அங்கே பிள்ளைகள் எவரையும் காண முடியாது. விருந்தினர் வரும்போது தொலைக்காட்சியை அணைப்பது நல்ல பழக்கம். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கண்களில் தெரிவது வரவேற்பு மட்டும் அன்று. பிடிபட்டுவிட்டோமே என்ற அச்சமும் அங்கே தெரிகிறது.

அந்த அம்மா யார்? எழுபதைக் கடந்தவர். கணவரை அடக்கம் செய்து ஆண்டுகள் பல ஆயின. ஒரு மகன் துபாயில், இன்னொருவன் சென்னையில். மாலைச் செபமாலை முடிந்து உறக்கம் வரும்வரை அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்பது அந்தப் பெட்டியிலிருந்துதான். தொடரில் வரும் மருமகள் படும் பாடு ஒரு காலத்தில் அவரும் பட்ட பாடு. அவள் தலைநிமிரும் நாளுக்காக அவர் காத்திருக்கிறார். இதில் பாவம் எங்கே இருக்கிறது?

விடுமுறைக்கு வரும் பேரன், "இதையெல்லாம் போய்ப் பார்க்கிறீங்களே பாட்டி" என்று நகைக்கிறான். அதே பேரன் அன்றிரவு வெளிநாட்டு 'வெப் சீரிஸ்' ஒன்றின் எட்டுப் பகுதிகளை விடிய விடியப் பார்த்து முடிக்கிறான். அதிலும் வஞ்சம் உண்டு, சொத்துத் தகராறு உண்டு, முறைகெட்ட உறவு உண்டு, பழிவாங்கல் உண்டு, போதாக்குறைக்குக் கழுத்தறுப்பும் உண்டு. மறுநாள் காலை இட்லி உண்ணும்போது அதன் அருமையை நண்பனுக்குத் தொலைபேசியில் விளக்குகிறான். பாட்டி பார்க்கும் வஞ்சம் அவமானமாம். பேரன் பார்க்கும் வஞ்சம் கலையாம்! இரண்டுக்கும் அறநெறியில் என்ன வேறுபாடு? ஒன்று தமிழில் வருகிறது, காசின்றி வருகிறது, வேலைக்காரப் பெண்ணும் பார்க்கிறாள். மற்றொன்று ஆங்கிலத்தில் வருகிறது, சந்தா கட்டினால் வருகிறது. வேறுபாடு இவ்வளவே.

ஆகவே, குற்றவுணர்வு என்று நாம் பெயரிட்டிருப்பதில் பெரும்பகுதி வெறும் கூச்சம். கடவுளின் முன்னிலையில் எழுவது குற்றவுணர்வு. அயலாரின் உயர்ந்த ரசனைக்கு முன்னால் எழுவது கூச்சம். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவைப் பணிப்பெண் ஒருத்தி உற்று நோக்கியபோது, தம் ஆண்டவரையே தெரியாது என்று அவரைச் சொல்லவைத்தது அச்சமும் கூச்சமும். சேவல் கூவியபின் அவரை வெளியே சென்று அழவைத்தது குற்றவுணர்வு. முன்னது அவரை ஒளிந்துகொள்ளச் செய்தது. பின்னது அவரைத் திருத்தியது. எட்டு மணித் தொடரை ஒளித்துப் பார்க்கும் தலைமையாசிரியரிடம் இருப்பது எது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

நம் முன்னோர் மகிழ்ந்த விதம்

நாடகத்தைப் பார்த்து அழுவதும், கதை கேட்டுச் சிரிப்பதும் கத்தோலிக்கருக்கு ஒவ்வாதவை என்று எண்ணுவோர் நம் சொந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். நம் சிற்றூர்களில் கோவில் திருவிழாக் காலங்களில் விடிய விடிய ஆடப்பட்ட 'ஞானசௌந்தரி' எத்தகைய கதை? மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்ட அரசிளங்குமரி ஒருத்தி காட்டில் அலைகிறாள். திருமணம் ஆனபின்பும் துன்பம் அவளைத் துரத்துகிறது. இறுதியில் அன்னை மரியாவின் அருளால் இழந்த கைகளைத் திரும்பப் பெறுகிறாள். 1948-இல் அது திரைப்படமாகவும் வந்து தமிழகத்தை அழவைத்தது. கொடுமைக்காரி, அப்பாவிப் பெண், வஞ்சனை, நெடுநாள் துன்பம், கடைசியில் நீதி: இன்றைய நெடுந்தொடரின் உறுப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. பாயை விரித்து மண்தரையில் அமர்ந்து அழுத நம் பாட்டிமார் மறுநாள் காலைத் திருப்பலிக்கு வெட்கமின்றி வந்தார்கள். அவர்களுக்கு அது வெட்கப்பட வேண்டிய ஒன்றாகத் தோன்றவில்லை.

இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவரை எண்ணிப் பாருங்கள். 'தேம்பாவணி' என்னும் பெருங்காப்பியத்தைப் படைத்த அதே கைதான் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதியது. அறிவற்ற ஒரு குருவும் அவருடைய ஐந்து மூடச் சீடர்களும் ஆற்றைக் கடந்தபின் தங்களை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டே எண்ணுகிறான். ஒருவர் ஆற்றோடு போய்விட்டார் என்று கதறுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைகொடுத்து வாங்குகிறார்கள். காப்பியம் எழுதிய துறவி இத்தகைய வேடிக்கையை எழுதுவதற்குக் கூசவில்லை. குருவே குருக்களைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம்மவர். முன்சீப் பதவியில் இருந்தவர். 1879-இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுகிறது. பக்கத்துக்குப் பக்கம் நகைச்சுவை ததும்பும் நூல் அது. அதே மனிதர்தான் தாது வருடப் பஞ்சத்தின்போது தம் பொருளைப் பசித்தோருக்கு வழங்கினார் என்பதையும் நாம் மறக்கலாகாது. சிரிக்கத் தெரிந்த மனமும் இரங்கத் தெரிந்த மனமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

நம் மரபு சொல்வது

மறைவல்லுநர்களின் கருத்தும் இதற்கு மாறானதன்று. புனித தோமா அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில் விளையாட்டையும் வேடிக்கையையும் பற்றித் தனியே வினா எழுப்பி விடை கூறுகிறார். உடல் உழைத்துக் களைத்தால் ஓய்வு தேவைப்படுவதுபோல, மனம் உழைத்துக் களைத்தால் அதற்கும் ஓய்வு தேவை. அந்த ஓய்வு மகிழ்ச்சியில் கிடைக்கிறது என்பது அவர் வாதம். அத்துடன் அவர் நிற்கவில்லை. தானும் சிரிக்காமல், சிரிக்கிறவரையும் முகம் சுளித்துப் பார்த்துப் பிறருக்குச் சுமையாகும் மனிதரிடம் ஒரு குறை உண்டு என்கிறார். நடிகர் தொழில் இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், அளவோடும் முறையோடும் நடத்தப்பட்டால் அத்தொழில் தன்னளவில் பாவமன்று என்றும் துணிந்து எழுதினார்.

திருத்தூதர் யோவானைப் பற்றி வழங்கிவரும் பழங்கதை ஒன்றையும் அவர் அங்கே எடுத்தாளுகிறார். யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்புகளைத் தொடர்ந்து எய்யச் சொன்னார் யோவான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று அவர் வினவியபோது, வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான்.

புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்திநெறி நூலிலும் இதே கருத்தைக் காண்கிறோம். தமக்கும் பிறருக்கும் எந்தப் பொழுதுபோக்கையும் அனுமதிக்காத கடுமை ஒரு குறைபாடே என்கிறார் அவர். கூடவே ஓர் எச்சரிக்கையும் தருகிறார். ஐந்தாறு மணி நேரம் சதுரங்கம் ஆடி எழுகிறவர் ஓய்வு பெற்றவராக எழுவதில்லை, களைத்துப்போனவராகவே எழுகிறார். பொழுதுபோக்கு எல்லை கடந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும் என்பது அவர் கருத்து. கைப்பேசியில் 'ரீல்ஸ்' தள்ளித் தள்ளி நள்ளிரவைத் தாண்டும் நம் இளைஞருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட அறிவுரை அது. அங்கே அவர் அவர்களைப் பாவிகள் என்று சாடவில்லை. நீங்கள் தேடிய ஓய்வு உங்களுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் கேட்கிறார்.

நம் காலத்துக்கு வருவோம். 1936-இல் திரைப்படங்களைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை பதினோராம் பயஸ், உழைக்கும் மக்களுக்குப் பொழுதுபோக்கு இன்றியமையாதது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே தீமைகளைக் கண்டித்தார். 1957-இல் பன்னிரண்டாம் பயஸ் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை வியத்தகு கண்டுபிடிப்புகள் என்று வரவேற்றார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி விதித்தொகுப்பையே வெளியிட்டது. 1966-இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் தன் சட்ட வலிமையை இழந்தது. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கலாகாது என்று தேர்ந்து தெளியும் பொறுப்பு நம் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தனை பெரிய பொறுப்பைப் பெற்ற நாம் அதைக் கொண்டு என்ன செய்தோம்? ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஒரு புன்னகையையும் வைத்து அதைக் கழித்துவிட்டோம்.

செருப்பில் சிக்கிய கல்

சிறு குற்றங்களையும், குற்றமே அல்லாதவற்றையும் பெரும்பாவமாக எண்ணி வருந்தும் நிலையை இறையியலார் மிகைநுண் மனச்சான்று என்பர். அதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குக் கூர்மையான சிறு கல் என்பது மூலப்பொருள். செருப்புக்குள் சிக்கிய கல் எத்துணைச் சிறியதாயினும் ஒவ்வோர் அடியிலும் குத்தும். நடப்பவர் தம் பாதையைப் பார்க்காமல் தம் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தவக்காலத்தில் பழைய திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டோமே என்று நற்கருணை வாங்காமல் இருக்கையிலேயே அமர்ந்துவிடும் முதியோர் நம் ஆலயங்களில் இன்றும் உள்ளனர். அடிக்கடி நற்கருணை பெறுவதைப் பற்றித் திருச்சபை 1905-இல் வெளியிட்ட ஆணையில் கேட்டவை இரண்டே: அருள்நிலையும் நேர்மையான நோக்கமும். சாவான பாவம் ஒருவரை அப்பந்தியிலிருந்து விலக்கும். பழைய படம் விலக்காது. தொடர் பார்ப்பவரையும் கொலை செய்தவரையும் ஒரே மூச்சில் சாடும் மறையுரைகள் இந்தக் கல்லை அவர்கள் செருப்பில் போடுகின்றன. அவர்களைக் கேலி செய்யும் பேரப்பிள்ளைகள் அதை இன்னும் அழுத்துகின்றனர். பசியோடு வருகிற ஒரு மூதாட்டி பந்தியிலிருந்து எழுந்து போகிறார் என்றால், நாம் சிரித்துச் சொல்லும் சொல் வெறும் சொல்லாக இல்லை. யாரோ ஒருவருக்கு அது உணவை மறுக்கிறது.

திருட்டு மாங்காய்

இனி மறுபக்கத்துக்கு வருவோம். திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்பது நம் ஊர்ப் பேச்சு. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை எழுதிய 'ஒப்புதல்கள்' நூலில் பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைச் சொல்கிறார். அதைவிட நல்ல பழங்கள் அவர் வீட்டிலேயே இருந்தன. திருடியவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டனர். பிறகு ஏன் திருடினார்? விலக்கப்பட்டது என்பதுதான் அதன் ருசி என்று கண்டுகொண்டார்.

'கில்ட்டி பிளஷர்' என்னும் சொல்லின் இரகசியமும் இதுவே. அங்கே குற்றவுணர்வு, கறிக்கு உப்புப்போல் இன்பத்துக்குச் சேர்க்கப்படுகிறது. குற்றத்தை விட வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. குற்றம் இருந்தால்தான் சுவை என்ற எண்ணமே உள்ளது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் குற்றத்தை அறிக்கையிடுவது அதைக் கைவிடுவதற்காக. இந்தப் புதிய வழக்கத்திலோ குற்றத்தை ஊரறிய அறிக்கையிடுவது அதைத் தொடர்வதற்காக. "நான் ஒப்புக்கொண்டுவிட்டேனே, இனி யாரும் கேள்வி கேட்கக் கூடாது" என்பது இதன் உட்பொருள். வருத்தமும் திருந்தும் எண்ணமும் இல்லாத இத்தகைய அறிக்கை எந்தப் பாவத்தையும் போக்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

விலை கொடுப்பவர் யார்?

அப்படியானால் குற்றமுள்ள இன்பம், குற்றமற்ற இன்பம் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நாம் ஓர் எளிய வினாவை முன்வைக்கிறோம்: இந்த இன்பத்துக்கு விலை கொடுப்பவர் யார்? எல்லா அறநெறியையும் இவ்வொரு வினாவில் அடக்க முடியாது என்பதை அறிவோம். ஆயினும் நம் அன்றாட வாழ்வில் மூடிக்கிடக்கும் பல கதவுகளை இது திறக்கும்.

அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியு என்பவரை நண்பர்கள் உரோமையின் வாட்போர் அரங்கத்துக்கு வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதுகளை மூடத் தவறினார். கூட்டம் ஆர்ப்பரித்தபோது கண் திறந்தார். இரத்தத்தைக் கண்டார், அதில் மயங்கினார், பின்பு தாமே பிறரை அழைத்துச் செல்பவராக மாறினார். அங்கே வீழ்ந்த வீரனைவிட ஆழமான காயம் அலிப்பியுவின் ஆன்மாவுக்கே நேர்ந்தது என்கிறார் அகுஸ்தினார்.

2017 முதல் தமிழில் ஒளிபரப்பாகி வரும் 'பிக் பாஸ்' நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்க்கிறோம். சிலரை ஒரு வீட்டில் அடைத்து, அவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதை இரவுதோறும் காட்டுகிறார்கள். யார் இன்று அழுவார், யார் அவமானப்படுவார் என்று காத்திருக்கிறோம். "அவர்கள் விரும்பித்தானே போனார்கள், பணமும் பெறுகிறார்களே" என்பர் சிலர். உரோமை அரங்கிலும் பணத்துக்காகத் தாமே முன்வந்த வீரர்கள் இருந்தனர். அவர்கள் விருப்பம் பார்வையாளரின் பசியைத் தூய்மையாக்கிவிடவில்லை. அழுகிறவரைப் பார்த்து நமக்குள் எழும் அந்த மெல்லிய மகிழ்ச்சியைச் சற்று நிறுத்தி நோக்குவோம். அங்கே குற்றம் இருக்கிறது. அதற்குச் செல்லப் பெயர் வேண்டாம்.

அடுத்த தெருப் பெண்ணைப் பற்றிய வாட்ஸ்அப் செய்திக்கு விலை கொடுப்பவள் அப்பெண். அவளுக்கு நின்றுபோகும் திருமணம், அவள் தந்தை கடைத்தெருவில் தலைகுனிந்து நடக்கும் நடை, இவையே அந்த ஐந்து நிமிட இன்பத்தின் விலை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு விலை கொடுப்பவர்கள் ஆடுகிறவனின் மனைவி மக்கள். 2003-இல் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்ததற்கும், 2025-இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியதற்கும் பின்னால் பல குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது. சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதை வேடிக்கையான பலவீனம் என்று கருதவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே வினாவைக் கொண்டுசெல்வோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து பிரியாணி உண்கிறோம். கொழுப்பு மிகுதி, உடலுக்கு ஆகாது, ஆனாலும் விட முடியவில்லை என்று அதையும் 'கில்ட்டி' கணக்கில் எழுதிச் சிரிக்கிறோம். கொழுப்பைப் பற்றிய கவலை மருத்துவருடையது. நம் கவலை வேறு. அதிகாலையிலேயே எழுந்து வெங்காயம் உரித்தவர் யார்? எல்லாரும் உண்டு முடித்துத் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தபின் அடுப்படியில் நின்றுகொண்டு ஆறிய சோற்றை உண்பவர் யார்? நாம் சிரித்து மகிழும் இரண்டு மணி நேரமும் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அது யாருடைய ஞாயிறு? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குச் சேர வேண்டிய சம்பளத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் திரையரங்கு சென்று வருவோர் படம் தரமற்றது என்று கூசுகிறார்களே தவிர, சம்பளத்துக்காகக் கூசுவதில்லை. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோரைப் பற்றி ஆண்டவர் கூறியது இவர்களுக்கும் பொருந்தும்.

நெடுந்தொடரின்மேல் நமக்கு இருக்கும் மெய்யான குறையும் இங்கேதான் எழுகிறது. நாடக மேடையின் துயரத்தைக் கண்டு இளமையில் தாம் விரும்பி அழுததை அகுஸ்தினார் நினைவுகூர்கிறார். உண்மையான இரக்கம் துயருற்றவருக்கு உதவ நம்மை எழுப்பும். மேடைத் துயரமோ உதவக் கேட்பதில்லை, அழ மட்டுமே அழைக்கிறது என்கிறார். தொடரில் வரும் மருமகளுக்காகக் கண்ணீர் விடும் மாமியார், விளம்பர இடைவேளையில் சொந்த மருமகளைக் கடிந்துகொண்டால், அந்தக் கண்ணீர் எங்கே போயிற்று? தொடர் பார்ப்பது பாவமன்று. தொடருக்காக அழுத கண், வீட்டில் அழுகிறவரைக் காணாமற் போவதே பாவம்.

எது வேண்டும்?

"இப்படிப் பேசினால் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தது ஆகாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. முன்பு ஒரே கூடையில் கிடந்தவற்றை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். பிரித்தபின் நம் சுமை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை. குற்றமற்றது என்று கண்டதை இனி நன்றியோடும் அளவோடும் வெளிப்படையாகவும் துய்க்க வேண்டும். குற்றம் என்று கண்டதை இனி விட வேண்டும். இரண்டாவது முன்னைவிடக் கடினம். ஏனெனில் சிரித்துத் தப்பிக்கும் வழி அடைபட்டுவிட்டது.

"சில தொடர்கள் பெண்ணுக்குப் பெண்ணே பகை என்று கற்பிக்கின்றனவே?" என்று கேட்போருக்கும் இதுவே நம் விடை. அவ்வாறு கற்பிப்பது தீமை என்று நீங்கள் நம்பினால், அதைத் தீமை என்றே சொல்லுங்கள். அன்பியக் கூட்டத்தில் பேசுங்கள், நிலையத்தாருக்கு எழுதுங்கள், பார்ப்பதை நிறுத்துங்கள். தீமை என்றும் சொல்லி, ஒரு நாளும் தவறாமல் பார்த்து, அதற்கு ஆங்கிலத்தில் ஓர் அழகான பெயரும் வைத்துக்கொள்வது வேண்டாம்.

கானாவூர்த் திருமணத்தை எண்ணிப் பார்ப்போம். யோவான் நற்செய்தியின்படி ஆண்டவர் செய்த முதல் அரும்செயல் அங்கே நிகழ்ந்தது. நோயாளி எவரும் அங்கே குணமடையவில்லை. பசியால் வாடிய எவரும் உண்ணவில்லை. ஒரு விருந்தின் மகிழ்ச்சி நடுவில் அறுந்துபோகாமல் காக்கப்பட்டது. ஆறு கற்சாடிகள் விளிம்புவரை நிரம்பின. விருந்தளித்த வீட்டாரின் மானமும் காக்கப்பட்டது. விருந்தினர் எவரும் அந்த இரசத்தைக் குற்றவுணர்வோடு அருந்தியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. பிற்காலத்தில் அதே ஆண்டவரைப் பெருந்தீனிக்காரர், குடிகாரர் என்று தூற்றியவர்கள் மிகவும் கண்டிப்பான மனிதர்கள். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கியவர்கள் என்று அவர் கண்டித்ததும் அத்தகைய கண்டிப்பானவர்களைத்தான்.

ஆகையால் வாசகப் பெருமக்களே, அந்தப் பாட்டியின் தொடரை அவரிடமே விட்டுவிடுவோம். முடிந்தால் ஒரு நாள் மாலை அவர் அருகில் அமர்ந்து, அந்த மருமகளுக்கு இன்று என்ன நேர்ந்தது என்று கேட்போம். வரும் ஞாயிறன்று அடுப்படியில் நிற்பவரை முதல் பந்தியில் அமர்த்திப் பரிமாறுவோம். வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தைத் திரையரங்கு செல்லுமுன் கொடுத்துவிடுவோம். அவதூறு ஒன்று கைப்பேசியில் வந்து நின்றால் அதை நம்மோடு நிறுத்திவிடுவோம். இவற்றைச் செய்தபின் மாலையில் இரண்டு பஜ்ஜியும் ஒரு பழைய பாடலும் நம்மை மகிழ்விக்குமானால், உணவுக்கு முன் நன்றி செலுத்துவதுபோல் அதற்கும் சிலுவை அடையாளம் வரைந்து, வெட்கமின்றி மகிழ்வோம்.